மேசைமேல் ஓடிய காவிரி

"என்ன வேணும்னாலும் கேளு. இன்னிக்கே கேக்கோணும்னு இல்ல, எப்பத் தோணுதோ அப்பக் கேளு."

"ஒண்ணும் வேண்டாமுங்க."

"ஒண்ணுமேவா? சேலத்துல இங்கிலீசு படிச்ச புள்ள, ஒரு சைக்கிளாச்சும் கேப்பேன்னு பாத்தேன்."

"சைக்கிள் வாங்குனா நீங்க ஏறி ஓட்டுவீங்க. நான் பின்னாலயே ஓடி வரோணுமுங்க."

அர்த்தநாரி சிரித்த சிரிப்பில் மாடுகள் காதை விடைத்துக்கொண்டன. மோகனூரில் மறுவீட்டு விருந்து முடிந்து, கூண்டு வண்டியில் திருச்செங்கோட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கல்யாணமாகி ஐந்தாறு நாள்தான் ஆகியிருந்தது. வண்டிக்காரன் காதில் விழாதபடி அவன் தணிந்த குரலில் கேட்டதும், கேட்டுவிட்டுச் சோளக்காட்டைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டதும் வசந்தாமணிக்கு அப்படியே நினைவிருந்தது. சலங்கை கட்டிய வண்டி எதுவும் தெருவில் போனால் போதும், அந்தப் பேச்சு வந்துவிடும்.

ஒன்றும் வேண்டாம் என்று அவள் சொன்னது பொய். ஒன்று வேண்டியிருந்தது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் சாப்பிடும்போதே தானும் சாப்பிட வேண்டும்.

இதையும் ஒரு ஆசை என்று வெளியில் சொல்ல முடியுமா? ஆனால் வசந்தாமணி வளர்ந்த விதம் அப்படி. அவளைப் பெற்றபோதே அவள் அம்மா போய்விட்டாள். மருத்துவச்சி கைவிரித்தபின் மோகனூரிலிருந்து நாமக்கல்லுக்கு வண்டி கட்டினார்கள். பாதி வழியில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வர வேண்டியதாயிற்று. அப்பா ராசப்பன் மறுகல்யாணம் செய்துகொள்ளவில்லை. மகள் உட்காரத் தெரிந்த நாளிலிருந்து தன் இலைக்குப் பக்கத்தில் அவளுக்கும் ஒரு சின்ன இலை போடச் சொல்லிவிட்டார். தோட்டத்திலிருந்து எத்தனை நேரம் கழித்து வந்தாலும், "வா கண்ணு, ஒட்டுக்கா சாப்பிடலாம்" என்று சேர்ந்து சாப்பிட வாசலிலிருந்தே கூப்பிடுவார். பௌர்ணமியன்று சோற்றுப் போசியைத் தூக்கிக்கொண்டு இருவரும் ஆற்றுக்குப் போவார்கள். மணல் இன்னும் பகல் சூட்டோடு இருக்கும். காவிரி நடுவில் நிலா ஒரு நீளக் கோடாகக் கிடந்து ஆடும். கட்டுச்சோற்றை உருட்டி அவள் கையில் வைத்துக்கொண்டே அப்பா பரிசல்காரர்களின் கதைகளைச் சொல்வார். பிற்பாடு சேலத்தில் கான்வென்ட் ஹாஸ்டலில் படித்த காலத்திலும் நீள மேசையில் எல்லாப் பெண்களும் ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பாடு. தனியாகச் சாப்பிடுவது என்றால் என்ன என்பதே அவளுக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது.

கல்யாணத்தன்று மட்டும் அவனோடு ஒரே பந்தியில் உட்கார்ந்தாள். சுற்றி நின்ற பெண்கள் கேலி செய்ததில் என்ன சாப்பிட்டோம் என்றே தெரியவில்லை. புகுந்த வீட்டில் மறுநாள் காலை மாமியார் சென்னியம்மாள் அவள் கையில் கரண்டியைக் கொடுத்தாள். அன்றிலிருந்து அவன் உட்காருவான், அவள் நிற்பாள். அவன் எழுந்து கை கழுவிய பிறகு அவள் அடுப்பைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவாள். புருஷனை இழந்த மாமியாருக்குப் பகலில் ஒரு வேளைச் சாப்பாடுதான். ராத்திரியில் இரண்டு வாழைப்பழத்தோடு படுத்துக்கொள்வாள். எனவே துணைக்கு யாரும் இல்லை.

அர்த்தநாரி முரடன் இல்லை. ஜின்னிங் மில்லிலிருந்து தலையெல்லாம் பஞ்சோடு வருவான். அவள் தட்டிவிட்டால் சிரிப்பான். கை துடைத்துக்கொண்டே, "நீ சாப்ட்டியா?" என்று நாள் தவறாமல் கேட்பான். இனிமேல்தானே சாப்பிட வேண்டும் என்பது அவனுக்குத் தோன்றாது. கேட்டுவிடலாம் என்று அவள் பலமுறை வாயெடுத்திருக்கிறாள். கேட்டால் அவன் இரண்டு பெண்களுக்கு நடுவில் மாட்டிக்கொள்வான். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. சைக்கிளுக்குச் சிரித்த மாதிரி இதற்கும் சிரித்துவிட்டால்? நல்ல நாளுக்கென்று பெட்டியில் மடித்து வைத்த பட்டுப்புடவைபோல அந்த ஒரு வார்த்தை பதினோரு வருஷமாக அவளுக்குள்ளேயே இருந்தது.

முப்பத்தேழாம் வருஷம் தை மாதத்தில்தான் அந்த விருந்து வந்தது.

திருச்செங்கோட்டில் பிரசவ ஆஸ்பத்திரி ஒன்று கட்ட நிதி திரட்டிக்கொண்டிருந்தார்கள். ஜில்லாவின் பெரிய அதிகாரி ஒருவரின் மனைவி அந்தக் கமிட்டிக்குத் தலைவி. ஊரில் எல்லாரும் துரைசானி என்பார்கள். பெண்கள் பள்ளிக்கூட விழாவில் அந்த அம்மாள் பேசியதை வசந்தாமணி தமிழில் எடுத்துச் சொன்னாள். அன்றைக்கே அவளையும் கமிட்டியில் சேர்த்துக்கொண்டார்கள். அம்மாவை ஏற்றிப் போய் அரைவழியில் திரும்பிய அந்த வண்டியை நினைத்துத்தான் வசந்தாமணி ஒப்புக்கொண்டாள். பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரி இருந்திருந்தால் அந்த வண்டி திரும்பியிருக்காது.

துரைசானிக்கு விருந்து என்றால் வெறும் சாப்பாடு இல்லை. ஒரு கற்பனை இருக்க வேண்டும். மேசை, விளக்கு, உடுப்பு எல்லாம் அந்தக் கற்பனைக்குள் அடங்க வேண்டும். போன வருஷம் ஏற்காட்டுக் காப்பித் தோட்டத் துரைமார்கள் நடத்திய தர்ம விருந்தில் பனி பெய்ததாம். பனிக்குப் பஞ்சு போனது அர்த்தநாரியின் மில்லிலிருந்துதான். இந்த வருஷம் உங்கள் ஊரில் என்ன பெய்யப் போகிறது என்று துரைசானி கேட்டபோது வசந்தாமணி யோசிக்கவே இல்லை. நிலாச்சோறு என்றாள். ஆற்றங்கரை, மணல், நிலா வெளிச்சம், எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது. துரைசானி கைதட்டிவிட்டு, அப்படியானால் பெண்கள் எல்லாரும் நிலா நிறத்தில் வெள்ளை உடுத்தி வரட்டும் என்றார். எங்கள் ஊரில் வெள்ளை கட்டுகிறவர் என் மாமியார் என்று அவள் பக்குவமாக எடுத்துச் சொன்ன பிறகு, ஆற்று நீலம் என்று முடிவாயிற்று.

விருந்துக்குச் சீட்டு விற்று ஆஸ்பத்திரிக்குப் பணம் சேர்ப்பது என்று ஏற்பாடு. வீட்டில் சென்னியம்மாளுக்கு இது எதுவும் பிடிபடவில்லை.

"சோத்துக்குச் சீட்டா? நம்மூட்டுக்கு வந்தவங்களுக்கு எலை போட்டுத்தான் பழக்கம், சீட்டுப் போட்டுப் பழக்கமில்ல சாமி."

"ஆஸ்பத்திரிக்குங்க அத்தே."

"அதுஞ்செரி. நிலாச்சோறுங்கற, தேய்பிறையில நாள் குறிச்சிருக்கற. நிலாவுக்கு எங்க போவ?"

கேள்வி நியாயமானதுதான். துரைசானிக்கு ஒழிந்த நாள் அமாவாசையை ஒட்டித்தான் வந்தது. அன்று ராத்திரி வசந்தாமணி இதைச் சொல்லிக் கவலைப்பட்டபோது அர்த்தநாரி சோற்றைப் பிசைந்தபடியே யோசித்தான். ரசம் ஊற்றும்போது, "நிலாவ நான் ஏத்தித் தாரேன்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். எப்படி என்று கேட்டதற்கு, அது மில்லுக்காரன் வேலை என்று கண்ணைச் சிமிட்டினான்.

அதன் பிறகு இருவரும் எதையாவது ஒன்றைக் கையிலெடுத்துக்கொண்டு ஓடாத நாள் இல்லை. பிற்காலத்தில் வசந்தாமணி தன் வாழ்க்கையின் நல்ல நாட்களைச் சொல்லச் சொன்னால் அந்த மாதத்தைத்தான் முதலில் சொல்வாள். பஞ்சு வரத்து இல்லாத காலமாதலால் மில்லின் பெரிய கிடங்கு காலியாகக் கிடந்தது. அதைக் கழுவிச் சாணி மெழுகினார்கள். மாட்டு வண்டிகளின் அடிப்பலகைகளையும் பழைய கதவுகளையும் கால் வைத்து நிறுத்தி, கிடங்கின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே மேசையாக்கினார்கள். குமாரபாளையத்தில் நெசவாளர் சடையனிடம் சொல்லி, கரையில் வெளிறிய நீலமும் நடுவில் கருநீலமுமாக, தையலே இல்லாத நீளத் துணி ஒன்று நெய்து வந்தது. அதை மேசையின் நடுவில் ஓடவிட்டபோது, "இதென்ன, பவானிப் பாலத்து மேல நிக்கற மாதிரி இருக்குது" என்று அர்த்தநாரியே சொன்னான். துணியின் இரண்டு ஓரத்திலும் மணல் பரப்பினார்கள். மணலுக்காக அவள் மோகனூருக்கே வண்டி அனுப்பினாள். அப்பா இறந்து இரண்டு வருஷமாகியிருந்தது. வந்திறங்கிய மணலில் கையை வைத்துக்கொண்டு அவள் சற்று நேரம் உட்கார்ந்திருந்தாள். தேங்காய்க் கொட்டாங்குச்சிகளை வழவழப்பாகத் தேய்த்துச் சின்னச் சின்னப் பரிசல்களாக்கி, ஒவ்வொன்றிலும் ஓர் அகல் வைத்து நீலத்துணியில் மிதக்கவிட்டாள். மேசைக்குக் கீழே தொட்டிகளில் நாணல் வைத்து, பூ மட்டும் மேலே எட்டிப்பார்க்கும்படி செய்தாள்.

நாற்காலிகள்தான் பெரும்பாடு. பள்ளிக்கூடத்திலிருந்தும் கோர்ட்டிலிருந்தும் டூரிங் டாக்கீஸிலிருந்தும் இரவல் வாங்கியவை ஒன்றுக்கொன்று உயரம் ஒத்துவரவில்லை. குட்டைக் கால்களுக்குக் கட்டை வைத்து, எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி உறை தைத்துப் போட்டாள். கால் குறை வெளியில் தெரியவில்லை. யார் எங்கே உட்கார வேண்டும் என்பதையும் அவளே அமைத்தாள். சீட்டு வாங்கியவை எல்லாம் குடும்பங்கள். புருஷனுக்குப் பக்கத்தில் பெண்சாதி, அடுத்து ஒரு புருஷன், அவன் பக்கத்தில் அவன் பெண்சாதி. கான்வென்ட் மேசையை மனதில் வைத்துக்கொண்டுதான் போட்டாள். ஆனால் ஜோடி ஜோடியாகப் பெயர்களை எழுதும்போது அவள் கை கொஞ்சம் மெதுவாகத்தான் போயிற்று. தனக்கும் அர்த்தநாரிக்கும் இடம் போடவில்லை. விருந்து வைக்கிறவர்கள் எப்படி உட்காருவது? நாற்பது ஜோடிகள் சேர்ந்து சாப்பிடுவதைக் கண்ணால் பார்த்தால் அதுவே தனக்குப் போதும் என்று நினைத்துக்கொண்டாள்.

விருந்துக்கு முதல்நாள் சாயங்காலம் அர்த்தநாரி நாற்காலி உயரத்தைச் சோதிக்கிறேன் என்று ஒன்றில் உட்கார்ந்தான். வெற்று மேசையில் இலை இருப்பதுபோல் கையால் தண்ணீர் தெளித்தான். பிசைந்தான். ஒரு கவளம் வாயில் போட்டான்.

"சோறு பதமா இருக்குது. கச்சாயத்துல வெல்லம் கம்மி."

"கச்சாயம் இன்னும் சுடவே இல்லீங்க."

"அப்ப அதுதான் ருசி இல்ல" என்றவன் திரும்பிப் பார்த்தான். "ஏம்புள்ள, இத்தன நாற்காலி கெடக்குது, நீ ஏன் நிக்கற?"

அப்போதுதான் அவளும் பார்த்தாள். அவன் உட்கார்ந்ததும் தன்னையறியாமல் அவன் வலப்பக்கம், இரண்டடி தள்ளி, கையில் இல்லாத கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் சிரித்து மழுப்பினாள். உட்காரவில்லை. வேலை கிடக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த நேரத்தில் கேட்டிருக்கலாம் என்று வாசல் தாண்டிய பிறகு தோன்றியது.

மறுநாள் பொழுது சாய்ந்ததும் வண்டிகள் வர ஆரம்பித்தன. ராசிபுரத்திலிருந்தும் சங்ககிரியிலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் வந்தார்கள். இரண்டு மோட்டார் கார்களும் வந்தன. பெட்ரோமாக்ஸ் விளக்குகளை நீலத்திரைகளுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்ததால் கிடங்கு முழுவதும் அந்தி கழிந்த ஆற்றங்கரைபோல் இருந்தது. அகல்கள் வரிசையாக எரிந்தன. உள்ளே நுழைந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். துரைசானி வசந்தாமணியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை என்றார்.

கிழக்குக் கோடியில் திரைக்குப் பின்னால் அர்த்தநாரியின் நிலா தயாராக இருந்தது. பவானியிலிருந்து வாங்கிய பரிசல் கூட்டின் வட்டத்தில் மெல்லிய மல் துணியை இழுத்துக் கட்டி, அதன் பின்னால் நல்ல தூரம் விட்டு இரண்டு பெட்ரோமாக்ஸ்களைத் தொங்கவிட்டிருந்தான். பஞ்சுப் பொதி தூக்கும் சங்கிலியில் அது மாட்டியிருந்தது. எல்லாரும் உட்கார்ந்ததும் அவள் சைகை காட்ட வேண்டும். அவன் மெதுவாக இழுப்பான். திரைக்கு மேலே, எல்லார் கண்முன்னாலும் நிலா எழும். அதன் பிறகுதான் சோறு.

ஆண்கள் போய் உட்கார்ந்தார்கள். பெயர் தேடி, அகலைத் தொட்டுப் பார்த்து, மணலைக் கிள்ளிப் பார்த்து உட்கார்ந்தார்கள். ஆனால் நீலப்புடவை கட்டிய பெண்களில் ஒருத்தியும் மேசைப்பக்கம் வரவில்லை. வண்டியிலிருந்து இறங்கி, கிடங்குக்குள் எட்டிப் பார்த்து, நன்றாயிருக்கிறது என்று வசந்தாமணியின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்துவிட்டு, நேரே பின்கட்டுச் சமையல் பந்தலுக்குப் போனார்கள். சற்று நேரத்தில் வந்துவிடுவார்கள் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. துரைசானியும் அவர் கணவரும் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரம்மாவும் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியையும் உட்கார்ந்திருந்தார்கள். மற்றபடி ஒவ்வோர் ஆணுக்கும் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. பல் விழுந்த வாய்போல் அந்த நீள மேசை அவளைப் பார்த்துச் சிரித்தது. ஆண்கள் யாருக்கும் அது வித்தியாசமாகவே படவில்லை. விருந்து என்றால் அப்படித்தானே?

துரைசானி மெதுவாக, பெண்கள் எங்கே, அவர்களுக்கு ஏதாவது மனவருத்தமா, அவர்களுக்காகத்தானே இந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார். வசந்தாமணிக்கு அப்போதுதான் புரிந்தது. சீட்டு விற்கப் போன வீடுகளில் எல்லாம், "ரெண்டு பேரும் வாரோம்" என்றார்கள். வந்தும்விட்டார்கள். வந்தால் யார் எப்போது உட்காருவார்கள் என்று அவளும் கேட்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை. இந்த ஊரிலேயே பதினோரு வருஷம் நின்று சோறு போட்டவளுக்கு அது நினைவில்லாமல் போயிருந்தது.

பின்கட்டில் கல்யாண வீடுபோல் இருந்தது. நீலப்புடவைகளை இழுத்துச் செருகிக்கொண்டு ஒருத்தி சாம்பார் வாளியைத் தூக்கியிருந்தாள். இன்னொருத்தி இலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பரிமாற ஏற்பாடு செய்திருந்த ஆட்களை மூலையில் உட்கார வைத்துவிட்டார்கள். நடுவில் பலகை போட்டு, கச்சாயக் கூடைக்குக் காவலாகச் சென்னியம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

வசந்தாமணி விஷயத்தைச் சொன்னாள். உள்ளே உங்களுக்கும் நாற்காலி போட்டிருக்கிறது, உங்கள் பெயர் எழுதியிருக்கிறது, பரிமாற ஆள் இருக்கிறது என்றாள். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அரிசி மில்காரர் தங்கசாமியின் மனைவி குப்பாயிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அவரு பக்கத்துலயேவா?"

"ஆமாங்க அக்கா."

"ஏன் சாமி, இந்த வயசுல எனக்கு மறுக்கா கண்ணாலம் பண்ணி வெக்கறயா? மாலையும் வாங்கி வெச்சிருக்கறயா?"

பந்தல் முழுவதும் சிரிப்பு. எனக்கும் ஒரு மாலை என்றாள் ஒருத்தி. எனக்கு மாப்பிள்ளையை மாற்றிக் கொடு என்றாள் இன்னொருத்தி. சிரித்தார்களே தவிர யாரும் வாளியைக் கீழே வைக்கவில்லை. ஆண்கள் எழுந்த பிறகு நாங்கள் ரெண்டாம் பந்தியில் நிம்மதியாக உட்காருகிறோம், நீ போய் ஆகவேண்டியதைப் பார் என்றார்கள்.

ரெண்டாம் பந்தியில் நிலா இருக்காது. துணியில் ஓடும் ஆறு சாம்பார் சிந்திக் கிடக்கும். அதுகூடப் பரவாயில்லை. பெண்களுக்கென்று கட்டப்போகும் ஆஸ்பத்திரியின் விருந்தில் பெண்கள் மீதியைத்தான் சாப்பிட்டார்கள் என்றாகிவிடும். அதற்கு இந்த ஆற்றையும் நிலாவையும் அவள் கட்டியிருக்க வேண்டியதில்லை.

"அத்தே, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னாக் கேப்பாங்க."

சென்னியம்மாள் கூடையை மூடினாள்.

"கேப்பாங்க. ஆனா நான் என்னன்னு சொல்றது? நீயே உக்காரலியே. ஊரு பொம்பளையெல்லாம் புருசம் பக்கத்துல உக்காரோணும், நீ மட்டும் நிக்கோணுமா?"

"நான் எப்பிடிங்க... நீங்கதானே வந்தன்னிக்கே..."

பெண்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். சென்னியம்மாள் மருமகள் பக்கம் திரும்பினாள்.

"நான் கரண்டியக் குடுத்தேன். எப்பக் கீழ வெக்கறதுன்னு சொல்லல." குரல் இறங்கியது. "எனக்கும் யாரும் சொல்லல சாமி. அவரு சாப்புட்டு எந்திரிச்ச எலையிலதான் நான் உக்காருவேன். அவருக்கு எது பிடிக்கும்னு அதுல மிச்சமிருக்கறத வெச்சுத்தான் தெரிஞ்சுக்குவேன். நேராக் கேட்டதில்ல."

பிறகு கையை நீட்டி, வசந்தாமணி எப்போது எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாமல் பிடித்திருந்த குழம்புக் கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

"போ. எம்மவனெக் கேளு. அவன் வந்து உக்காந்தான்னா இவங்களை நான் பாத்துக்கறேன்."

வசந்தாமணி கிடங்குக்குள் வந்தாள். மேசை நெடுக நடக்க வேண்டியிருந்தது. இரண்டு பக்கமும் ஆண்கள், அவர்கள் பக்கத்தில் வெறும் நாற்காலிகள். ஈர மணல் வாசனை வந்தது. நடுவில் நீலம் ஓடியது. கொட்டாங்குச்சிப் பரிசல்களில் அகல்கள் ஆடாமல் நின்று எரிந்தன. மேசையின் கோடியில் இரண்டு இடம் முழுதாகக் காலியாக இருந்தது. ராசிபுரத்திலிருந்து வரவேண்டிய ஒரு ஜோடி, வண்டியின் அச்சு முறிந்து வழியில் நின்றுவிட்டதாகச் சற்றுமுன் ஆள் வந்து சொன்னான். அந்த இரண்டு இலைகளுக்கு எதிரில் மோகனூர் மணல் கொஞ்சம் கூடுதலாகக் குவிந்திருந்தது. பின்கட்டு வாசலில் நீலப்புடவைகள் நெருக்கியடித்துக்கொண்டு எட்டிப்பார்ப்பதை அவள் திரும்பாமலே உணர்ந்தாள்.

அர்த்தநாரி திரையோரத்தில் சங்கிலியைப் பிடித்தபடி நின்றான். வேட்டியை மடித்துக் கட்டி, நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. பக்கத்தில் மில் மேஸ்திரி செல்லமுத்து விளக்குகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

"அல்லாரும் உக்காந்தாச்சா? இழுக்கட்டுமா?"

"இல்லீங்க."

அவள் சொன்னாள். பெண்கள் உட்கார மாட்டேன் என்கிறார்கள் என்றாள். அவன் மேசையை எட்டிப்பார்த்தான். காலி நாற்காலிகளை அவனும் அப்போதுதான் பார்த்தான்போலிருந்தது. தலையைச் சொறிந்துகொண்டு, ஆண்கள் வெரசாகச் சாப்பிட்டு எழுந்துவிடட்டும், நிலாவை இறக்கிவிட்டு அவர்களுக்காக இன்னொரு தரம் ஏற்றித் தருகிறேன் என்றான். அவன் மனசு அது. நிலாவைக்கூட ரெண்டு பந்திக்கு ஏற்றத் தயாராக இருந்தான். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"வண்டியில வாரப்ப ஒண்ணு சொன்னீங்க. எப்பத் தோணுதோ அப்பக் கேளுன்னு."

"எந்த வண்டியில?" என்றவன், கொஞ்சம் பொறுத்து, "மோகனூர்லருந்து வந்தமே, அதுலயா?" என்றான். முகம் மெல்ல மலர்ந்தது. "ஏம்புள்ள, நல்ல நேரம் பாத்தே. இப்பவா சைக்கிள் வேணும்?"

"சைக்கிள் இல்லீங்க."

அவள் சொன்ன விதத்தில் அவன் சிரிப்பு நின்றது. சங்கிலியைப் பிடித்த கை அப்படியே இருந்தது. மேசையில் பேச்சு ஓய்ந்திருந்தது. துரைசானி திரும்பிப் பார்த்தார். வாசலில் நீலப்புடவைகளுக்கு நடுவே ஒரு வெள்ளைப்புடவை முன்னால் வந்து நின்றது. மெதுவாகச் சொன்னால் போதும். அவனுக்கு மட்டும் கேட்டால் போதும். ஆனால் மெதுவாகச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அப்பா தோட்டத்திலிருந்து வந்து, வாசலிலிருந்தே உள்ளே கேட்கும்படி கூப்பிடுவாரே, அந்தக் குரல் அவளுக்கு வந்தது.

"எனக்குப் பசிக்குதுங்க. சங்கிலியச் செல்லமுத்து இழுக்கட்டும். நீங்க வந்து எம்பக்கத்துல உக்காருங்க, நாம ரெண்டு பேரும் ஒட்டுக்கா சாப்பிடலாம்."